அத்தியாயம் 6: பழைய வண்டிக்கு எந்த பிளக்?

“புல்லட்டுக்கு ஒரு பிளக் குடுங்கண்ணா” என்று கேட்டதும் கடைக்காரர் பேசாமல் ஒரு பெட்டியை எடுத்து நீட்டினால், வேறு கடை பார்ப்பது நல்லது. விவரம் தெரிந்தவர் முதலில் திருப்பிக் கேட்பார்: “எந்த புல்லட்டு?”

கேள்வியில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் சென்னையில் தொடங்கிய தயாரிப்பு, திருவொற்றியூர்த் தொழிற்சாலை வழியாகப் பல தலைமுறை இன்ஜின்களைக் கண்டுவிட்டது. வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த பழைய இன்ஜின், அதற்கடுத்த ஏவிஎல், இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் யூசிஇ என்று எல்லாமே பெட்ரோல் டேங்கில் ஒரே பெயரைத் தாங்கி ஓடுகின்றன. யூசிஇ 350இல் ‘ட்வின்ஸ்பார்க்’ என்று வந்த வண்டிக்கு ஒரே சிலிண்டரில் இரண்டு பிளக். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் மறுநாள் மறுபடி கடைக்கு வர வேண்டும், ஏனென்றால் இரண்டையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும்.

புல்லட்டோடு இந்தச் சிக்கல் நிற்பதில்லை. திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கம் புல்லுக்கட்டு முதல் நூல் மூட்டை வரை எதையும் சுமக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்லிலும் அதே கதைதான். எக்ஸ்எல் சூப்பர் என்பது 69.9 சிசி டூ ஸ்ட்ரோக்; பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து ஓடும். 2015இல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். உருவம் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் பிளக் விஷயத்தில் உறவே கிடையாது. டீசல் அம்பாசடர் வைத்திருப்பவருக்கு இந்த அத்தியாயமே வேண்டாம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை, இருப்பது சூடேற்றும் குளோ பிளக்.

ஆகவே கடைக்குப் போகும்முன் கையில் இருக்க வேண்டியவை மூன்று: ஆர்சி புத்தகத்தில் உள்ள மாடலும் தயாரிப்பு ஆண்டும், வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள பிளக் எண், இன்ஜினிலிருந்து கழற்றிய பழைய பிளக். கையேடு தொலைந்திருக்கும், பழைய வண்டிகளில் பெரும்பாலும் அதுதான் முதலில் தொலைகிறது. பழைய பிளக்கை மட்டும் நம்பி அதே எண்ணை வாங்குவதிலும் ஆபத்து உண்டு. முந்தைய மெக்கானிக் கையில் கிடைத்ததை மாட்டியிருக்கலாம். முடிந்தால் இரண்டையும் ஒப்பிட வேண்டும். முரண்பட்டால் கையேடு சொல்வதற்கே முன்னுரிமை.

கழற்றிய பிளக்கின் நிறம்

திருத்தணி மலைக்கோயிலுக்கு நடந்து ஏறுபவர்களுக்கு 365 படிகள் உண்டு, வண்டியில் வருபவர்களுக்குத் தனிச் சாலை உண்டு. பிளக்கின் உடல்நிலையைப் பார்க்க நினைக்கும் வண்டிக்காரருக்கு அந்தச் சாலை நன்றாகப் பயன்படும். கூட்டமில்லாத நாளில், இன்ஜின் சூடேறிய பிறகு, பின்னால் ஒருவரை உட்காரவைத்து ஏற வேண்டும். மேலே சமதளம் வந்ததும் கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து ஓரம் நிறுத்திவிட வேண்டும். நன்றாக ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றினால், சுமையில் இன்ஜின் எப்படி எரிக்கிறது என்பது அதன் மூக்கில் தெரியும். வீட்டு வாசலில் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டுக் கழற்றினால் நல்ல இன்ஜினும் கறுப்பாகத்தான் காட்டும். ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில் முதல் கியரில் ஊர்ந்து வந்த டூ ஸ்ட்ரோக் வண்டியின் பிளக்கைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

உள்ளே இருக்கும் வெள்ளைப் பீங்கானின் நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் கவலையில்லை. காய்ந்த கரி மாவுபோல் படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது சோக் முழுதாகத் திரும்பவில்லை. ஈரமான எண்ணெய்க் கறுப்பு வேறு விஷயம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்ததற்கான அடையாளம்; டூ ஸ்ட்ரோக்கில் 2டி ஆயிலைத் தாராளமாக ஊற்றியதற்கான அடையாளம். பீங்கான் சுண்ணாம்பு வெள்ளையாகி, நுனியில் பொரிப்பொரியாக இருந்தால் சூடு எல்லை மீறுகிறது. கார்புரேட்டர் பக்கம் காற்று கசியலாம், டைமிங் முன்னால் போயிருக்கலாம், தவறான பிளக்காகவும் இருக்கலாம்.

ரிங் தேய்ந்த வண்டிக்கு மாதம் ஒரு பிளக் என்று வாங்கிப் போடுபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். புது பிளக் போட்ட முதல் வாரம் வண்டி பறக்கும், பிறகு மறுபடி மிஸ் அடிக்கும். அங்கே குற்றவாளி பிளக் அல்ல. இன்ஜினின் நோயைச் சரிசெய்யாமல் பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது, சிறு தொகைகளாகப் பெரும் பணத்தைச் செலவழிக்கும் வழி.

மூத்த மெக்கானிக்குகள் நல்ல பிளக்கின் நிறம் என்று அழுத்தமான பழுப்பைச் சொல்வார்கள். அது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துக் கணக்கு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றுபோனது. அதற்குப் பிறகு ஆரோக்கியமான பிளக்கே வெளிறித்தான் இருக்கிறது. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அது தனக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருப்பதால், பழைய பெட்ரோலுக்கு அளவெடுத்த கார்புரேட்டரில் கலவை இன்னும் கொஞ்சம் இளைத்துவிடும். பிளக் மேலும் வெளிறும். இதைப் பார்த்து, சூட்டை உடனே இறக்கும் ‘குளிர்ந்த’ பிளக் தேடி ஓட வேண்டாம். கார்புரேட்டரின் ஸ்க்ரூவிலும் ஜெட்டிலும் கை வைக்க வேண்டிய வேலை அது.

இன்னொரு பழைய சந்தேகத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பிளக்கின் வெளிப்புறத்தில், பீங்கானும் இரும்பும் சேரும் இடத்தில், பழுப்பாக ஒரு வளையம் தெரியும். கேஸ் கசிகிறது என்று சொல்லி அதைத் தூக்கி எறிபவர்கள் உண்டு. உயர் மின்னழுத்தம் சுற்றியுள்ள எண்ணெய்த் துகள்களை ஈர்த்துப் படியவைத்த கறைதான் அது. பிளக்கின் வேலையை அது கெடுக்காது.

எண்ணுக்குள் இருக்கும் வண்டி

பிளக் வாங்குவதில் பிராண்டைவிட எண்ணே பெரிது. என்ஜிகே நிறுவனத்தின் பிபி6இஎஸ் என்ற எண்ணைப் பிரித்துப் பார்த்தால் மற்றவையும் பிடிபடும். முதலில் வருவது பெங்களூரின் பி: மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர், ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம் 20.8. அடுத்தது பழனியின் பி: பீங்கான் மூக்கு இரும்புக் கூட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 6 என்பது வெப்ப எண். ‘இ’ என்றால் மரையின் நீளம் 19 மில்லிமீட்டர். ‘எஸ்’ என்பது தாமிர உள்ளீடு கொண்ட சாதாரண வகை. ஹோண்டா வழிவந்த 100 சிசி வண்டிகளில் அடிக்கடி பார்க்கும் சிஆர்7எச்எஸ்ஏ எண்ணில் ‘சி’ 10 மில்லிமீட்டர் மரையையும், ‘ஆர்’ உள்ளே மின்தடை இருப்பதையும், ‘எச்’ 12.7 மில்லிமீட்டர் நீளத்தையும் காட்டுகின்றன.

இந்த எழுத்துகளை ஃபோனில் சொல்லி வாங்குவது வீண் வம்பு. பி, டி, இ, சி எல்லாம் ஒரே சத்தமாகக் கேட்கும். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் எல்லையோரக் கடைகளில் இன்னும் மோசம். பழைய பிளக்கின் பீங்கானில் அச்சிட்ட எண்ணைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம்.

மரையின் நீளம்தான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. 12.7 கேட்கும் ஹெட்டில் 19ஐ முறுக்கினால், அதிர்ஷ்டம் இருந்தால் பிஸ்டன் இடிக்காது. ஆனால் உள்ளே நீட்டிய மரையில் கரி இறுகி, அடுத்த முறை கழற்றும்போது ஹெட்டின் மரையையும் சேர்த்து உருவிக்கொண்டு வரும். 19 கேட்கும் இடத்தில் 12.7 போட்டால் பொறி குழிக்குள் விழுகிறது. ஸ்டார்ட்டிங் சிரமம், இழுவை குறைவு, காலியாக நிற்கும் ஹெட் மரையில் கரி. இரண்டு பிளக்குகளும் ஒரே ஸ்பேனரில் ஏறும், ஒரே மரையில் சுற்றும். தவறு தெரிய வருவதற்குள் வண்டி நாற்பது கிலோமீட்டர் ஓடியிருக்கும். மூக்கு நீண்ட வகையும் அப்படித்தான்: கையேடு சொல்லாத இன்ஜினில் அதைப் போடக்கூடாது.

வெப்ப எண்ணில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு திசையில் எண்ணுகிறது. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடக்கூடக் குளிர்ந்த பிளக். பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் சூடான பிளக். ஏறக்குறைய ஒரே பிளக்கை என்ஜிகே பிபி6இஎஸ் என்றும், பாஷ் டபிள்யூ7டிசி என்றும், சாம்பியன் என்9ஒய்சி என்றும், டென்சோ டபிள்யூ20இபி-யு என்றும் விற்கின்றன. 6, 7, 9, 20 என்ற எண்களை வெறுமனே பார்த்து ஒப்பிட்டவர் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு முடிச்சு உண்டு. 1951இல் தொடங்கிய பெங்களூரின் மைக்கோ நிறுவனம் 2008இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறினாலும், வயதான கடைக்காரர் வாயில் இன்றும் அது மைக்கோ பிளக்தான். பழைய கையேடுகளில் மைக்கோ எண்கள் 145, 175, 225 என்று மூன்று இலக்கத்தில் இருக்கும். அந்தக் கணக்கில் எண் கூடினால் குளிர்ச்சி. புதுக் கணக்கில் 145 என்பது 8 ஆகவும், 175 என்பது 7 ஆகவும், 225 என்பது 5 ஆகவும் மாறியது, திசையே தலைகீழ். ஐம்பது வயது வண்டியின் கையேட்டில் 175 என்று படித்தவர் கடையில் கேட்க வேண்டியது 7. அதோடு மரை நீளத்துக்கான எழுத்தையும் சேர்த்துப் பொருத்த வேண்டும். வெப்ப எண் மட்டும் பொருந்தினால் போதாது.

திருத்தணி வெயிலுக்குக் குளிர்ந்த பிளக் வேண்டுமா?

கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்களின் பட்டியலில் வேலூரோடு சேர்ந்து திருத்தணி பெயரும் அடிக்கடி வரும். அதனால் ஏப்ரல் பிறந்ததும் ஒரு எண் குளிர்ந்த பிளக் போடச் சொல்லும் ஆலோசனை பட்டறைகளில் உலவுகிறது. கேட்க நியாயமாகத் தோன்றினாலும் கணக்கு ஒத்துவராது.

பிளக்கின் நுனி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850 டிகிரியைத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே அந்த நுனியின் தணலே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழுவது அப்படித்தான். இரண்டுக்கும் நடுவில் நுனியை வைத்திருப்பதுதான் வெப்ப எண்ணின் வேலை. பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு ஹெட்டுக்கு இறங்கத் தாமதமாகும், அது சூடான பிளக். குட்டையாக இருந்தால் சூடு உடனே இறங்கும், அது குளிர்ந்த பிளக். ஒரு எண் மாறினால் நுனியின் வெப்பம் 70 முதல் 100 டிகிரி வரை மாறும். மார்கழிக்கும் சித்திரைக்கும் காற்றில் உள்ள வித்தியாசம் பத்துப் பதினைந்து டிகிரிதான். அதற்காக 100 டிகிரி இறக்கினால், காலையில் பால் ஊற்றவும் மாலையில் காய்கறி வாங்கவும் ஓடும் வண்டி கரி அடைத்து நிற்கும்.

நுனியைச் சூடேற்றுவது வெயிலைவிடச் சுமைதான். திருத்தணியிலிருந்து திருப்பதிக்கோ சென்னைக்கோ முழு த்ராட்டிலில் போகிறவரும், கடைத்தெருவைத் தாண்டாதவரும் ஒரே மாடல் வண்டி வைத்திருக்கலாம். கையேட்டில் உள்ள எண் இருவருக்கும் பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்ஜின் சரியாக இருந்தும், குறுந்தூர ஓட்டத்தில் டூ ஸ்ட்ரோக் வண்டி மறுபடி மறுபடி கரி அடைத்தால், ஒரே ஒரு எண் சூடான பக்கம் போய்ப் பார்க்கலாம். அந்த வண்டியில் நெடுஞ்சாலைப் பயணம் என்றால் பழைய எண்ணுக்குத் திரும்பிவிட வேண்டும்.

நிக்கல் போதுமா?

பெரும்பாலான பழைய இன்ஜின்களுக்குப் போதும். ‘காப்பர் பிளக்’ என்று கடையில் சொல்வது உள்ளே தாமிரமும் நுனியில் நிக்கல் கலவையும் கொண்ட சாதாரண பிளக்கை. இரிடியம் பிளக்கின் நடு முள் 0.6 மில்லிமீட்டர், சிலவற்றில் 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியது. நிக்கல் 1455 டிகிரியில் உருகும், இரிடியம் 2400க்கு மேல் தாங்கும். அதனால்தான் அவ்வளவு மெலிதாகச் செய்ய முடிகிறது. மெல்லிய முனையில் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி குதிக்கும். காயில் பலவீனமான, பாயிண்ட் வைத்த பழைய வண்டி காலையில் இரண்டு கிக் குறைவாகக் கேட்பது இதனால் நடக்கலாம். மைலேஜ் கூடும், வேகம் கூடும் என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. ரிங்கில் எண்ணெய் கசியும் இன்ஜினில் இரிடியம் போடுவது கண்கூடான வீண்செலவு. எண்ணெய்க் கரி எந்த உலோகத்தையும் மூடிவிடும்.

எண்ணில் ‘ஆர்’ இருக்கும் பிளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே ஏறத்தாழ 5000 ஓம் மின்தடை இருக்கும், ரேடியோ இரைச்சலை அடக்குவதற்காக. மின்னணு இக்னிஷன் உள்ள வண்டியில் கையேடு ‘ஆர்’ கேட்டால் அதைத்தான் போட வேண்டும், இல்லையேல் கருவி குழம்பும். பாயிண்ட் வைத்த பழைய வண்டியில் பிளக் கேப்பிலேயே மின்தடை இருந்தால், இரண்டும் சேர்ந்து பொறியை நலிவாக்கலாம். ஏதாவது ஒன்றில் இருந்தால் போதும்.

இந்த ‘ஆர்’ போலியைக் கண்டுபிடிக்கவும் உதவும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மற்றதை நடு முள்ளிலும் வைத்தால், ‘ஆர்’ பிளக் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் பெட்டியில் அச்சிட்டது பொய். மரையில் பிசிர், மையம் விலகிய நடு முள், விரலில் தேய்த்தால் அழியும் எழுத்து, கையோடு கழன்று வரும் வாஷர் ஆகியவையும் போலியின் அடையாளங்கள். திருத்தணியில் கிடைக்காத எண்ணுக்கு மின்சார ரயில் ஏறி, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேட்கலாம். பில் கேட்டு வாங்க வேண்டும். புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் பாகம் தேடலாம், பழைய பிளக் தேடக்கூடாது.

இடைவெளியும் முறுக்கும்

புது பிளக்கின் இடைவெளி பெட்டியிலிருந்து எடுத்தபடியே சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது. பாயிண்ட் வைத்த பழைய இன்ஜின்கள் பொதுவாக 0.5, 0.6 மில்லிமீட்டர் கேட்கும். பல 100 சிசி வண்டிகள் 0.6 முதல் 0.7 வரை, ஊசி மூலம் பெட்ரோல் பாய்ச்சும் கார்கள் 1 மில்லிமீட்டரை ஒட்டி. பட்டறையில் ஃபீலர் கேஜ் இல்லாதவர் ஆக்சா பிளேடின் முதுகை நுழைத்துப் பார்ப்பார். அதன் தடிமன் 0.6 மில்லிமீட்டரை ஒட்டி இருப்பதால் பழைய வண்டிக்கு அந்தத் தந்திரம் மோசமில்லை. பல் உள்ள பக்கத்தை மட்டும் நுழைக்கக் கூடாது, பற்கள் வெளியே விரிந்திருக்கும். வளைக்க வேண்டியது பக்கவாட்டு முள்ளை. நடு முள்ளில் ஸ்க்ரூடிரைவரை ஊன்றி நெம்பினால் பீங்கான் விரிசல் விடும், இரிடியம் என்றால் முனையே ஒடியும்.

உப்புத்தாளால் தேய்ப்பதும், பெட்ரோலை ஊற்றிப் பற்றவைத்துக் கரியை எரிப்பதும் நிறுத்த வேண்டிய பழக்கங்கள். உப்புத்தாளின் மணல் உள்ளே சிக்கி இன்ஜினுக்குள் போகும். நெருப்பு பீங்கானையும் சில நேரம் பட்டறையையும் பதம் பார்க்கும்.

தலையில் இருக்கும் சிறு நட்டையும் கவனிக்க வேண்டும். பல பைக்குகளின் கேப் நட்டில்லாத மரைத் தலையைக் கவ்வும், பல கார்களின் கேப் நட்டோடு இருந்தால்தான் பிடிக்கும். பிளக் சரி, கேப் உட்காரவில்லை என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் அந்த நட்டு.

மாட்டுவது குளிர்ந்த இன்ஜினில். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் கழற்றுவதற்கு முன்பே ஊதித் தள்ளிவிட வேண்டும். திறந்த துளைக்குள் விழுந்த மணல் சிலிண்டரைக் கீறும். ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே கடைசிவரை சுற்ற வேண்டும். பாதியில் இறுகினால் மரை மாறி ஏறுகிறது என்று பொருள். திருப்பிக் கழற்றி மறுபடி தொடங்க வேண்டும். வாஷர் ஹெட்டைத் தொட்ட பிறகு, 14 மில்லிமீட்டர் புது பிளக்குக்கு ஸ்பேனரால் அரைச் சுற்று, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று. கழற்றிச் சுத்தம் செய்த அதே பிளக்கைத் திரும்ப மாட்டினால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும்; கடிகாரத்தில் மணி முள் ஒரு எண்ணிலிருந்து அடுத்ததற்குப் போகும் அளவு போதும். 10 மில்லிமீட்டர் பிளக் இன்னும் மென்மையானது, நீண்ட கைப்பிடியோடு அதன்மேல் பலத்தைக் காட்டினால் இரும்புக் கூடே நீண்டுவிடும். இறுக்கம் குறைந்தாலும் தொல்லைதான்: சூடு ஹெட்டுக்கு இறங்க வழியில்லாமல், சரியான வெப்ப எண் கொண்ட பிளக்கும் கொதித்துப்போகும்.

புது பிளக் போட்டு இருநூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை கழற்றி நிறத்தைப் பார்த்துவிட்டு, பொருந்திய எண்ணையும் இடைவெளியையும் ஆர்சி உறையிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதே எண்ணில் இன்னொரு பிளக்கும் அதற்குரிய ஸ்பேனரும் டூல்ஸ் பெட்டியில் இருந்தால், நகரி தாண்டி ராத்திரியில் வண்டி நின்றாலும் திறந்திருக்கும் கடை தேட வேண்டியிருக்காது.